தாளிக்காத வீடு

கீழ்வீட்டில் இன்றைக்கும் கடுகு வெடிக்கவில்லை. மணி பத்தேகால் ஆகிவிட்டது. இந்திராணி மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்திவிட்டு வலது காதை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். இடது காதில் கொஞ்ச நாளாக ஒரு ரீங்காரம். அது நோயின் வேலையா, வயதின் வேலையா, மின்விசிறியின் வேலையா என்று அவள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. மேஜை போட்டிருக்கும் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வீட்டுக்கார ராசாத்தி அக்காவின் அடுப்படி. குக்கர் விசில் வந்தது, மூன்று என்று எண்ணினாள். பாத்திரம் உருண்டது. அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை. மூன்று வருடமாக இந்த மாடியில் குடியிருக்கிறாள். ஒரு நாள் தவறாமல் பத்து மணிக்கு முன்பின்னாக அக்கா வாணலியில் எண்ணெய் ஊற்றுவாள், கடுகு படபடவென்று பொரியும், ஈரக் கறிவேப்பிலை விழுந்து சீறும், அடுத்த நொடி அக்காவின் மகள் தர்ஷினி மூன்று தும்மல் போடுவாள், மூக்கை மூடித் தொலையேன்டி என்று அக்கா வைவாள். அந்த வசவைக் கேட்டுத்தான் இந்திராணி காலை மாத்திரையைப் போடுவது. கடிகாரம் நின்றாலும் அது நின்றதில்லை. சனிக்கிழமை இல்லை. ஞாயிறு இல்லை. நேற்றும் இல்லை. ஒரு நாள் என்றால் எண்ணெய் தீர்ந்துபோயிருக்கும் என்று விடலாம், இரண்டு நாள் என்றால் விரதம் என்று விடலாம், நான்கு நாள் ஒரு வீட்டில் தாளிக்காமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். காரணம் இருந்தும் மாடியில் இருக்கிறவளிடம் சொல்லவில்லை என்றால் அந்தக் காரணத்தில் மாடிக்கும் பங்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம். மாத்திரை மேஜையிலேயே இருந்தது.

சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை அவள். சந்தேகப்படத்தான் அவளுக்குச் சம்பளம். திண்டுக்கல் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் ஏகாம்பரத்துக்கு வீட்டிலிருந்தபடியே கிரயப் பத்திரங்கள் டைப் அடித்துத் தருகிறாள், வில்லங்கமும் சரிபார்த்துத் தருகிறாள். கிழக்கே சுப்பையா புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, இதற்குட்பட்ட இடம் என்று அவன் அனுப்புவதை அப்படியே அடித்துவிட மாட்டாள். வண்டிப்பாதை போன பத்திரத்தில் தெற்கே இருந்ததே, இப்போது எப்படி மேற்கே நகர்ந்தது என்று கேட்பாள். ஏகாம்பரம் சிரிப்பான்: மேடம் கண்ணுல விழுந்தா மண்ணுலயும் வில்லங்கம் வந்துரும். வரத்தான் செய்கிறது. மனிதர்கள் சொல்வதில் இல்லை விஷயம், சொல்லாமல் தாண்டிப் போகிற இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு மாடிச் சுவரிலிருந்து கீழே குரல் கொடுத்தாள். முற்றத்து மரம் நிறையக் கறிவேப்பிலை. கேட்காமலேயே ஒடித்துக் கூடையில் வைத்து மேலே ஏற்றிவிடுகிற அக்கா, அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இப்ப இல்லத்தா, பொறவு பாப்போம் என்றாள். மரத்தடியில் நின்றுகொண்டு இல்லை என்கிறாள். அப்போதே இந்திராணி முடிவுகட்டிவிட்டாள். தெரிந்துவிட்டது இவர்களுக்கு. தன் வியாதி என்னவென்று எப்படியோ தெரிந்துவிட்டது. குடிவந்தபோது, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது காலில் நரம்பு பிசகிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போவதை அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த அத்தைக்கு இதுவரை நான்கு முறை உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது, இரண்டு முறை கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. மூன்றாவது கண் இருந்தால் அதற்கும் செய்திருப்பாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். மூளையும் தண்டுவடமும் சம்பந்தப்பட்ட நோய் என்றால் மாடியைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். எம்.எஸ். என்று சுருக்கிச் சொன்னாலோ, அது என்ன படிப்பு என்று கேட்பார்கள்.

ஆனால் வியாதி தெரிந்தால் கறிவேப்பிலை தர மாட்டார்கள், சரி. தங்கள் வீட்டுக் கடுகை ஏன் பட்டினி போட வேண்டும்? அந்த இடத்தில்தான் நினைப்பு சிக்கிக்கொண்டது. சிக்கிய இடத்திலிருந்து நூலைப் பிடித்து இழுத்தால் அது அவள் புருஷனிடம் போய் நின்றது. சௌந்தரபாண்டி நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். சட்டையில் பஞ்சும் வாயில் மௌனமுமாக வீடு திரும்புகிறவன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் கறி எடுக்காத ஞாயிறு ஒன்று உண்டென்றால் அது அவன் அப்பா செத்த ஞாயிறு. அப்பேர்ப்பட்டவன் இந்த ஞாயிறு தூக்கில் புடலங்காயோடு வந்தான். கடையில் கூட்டம் என்றான். எந்தக் கடையில் கூட்டம் இல்லை? கூட்டம் இருந்தால்தான் கறி நல்லா இருக்கும் என்று சொல்கிறவன் அவன்தானே. நேற்று ஐந்து இளநீர் வாங்கிவந்தான். மாடிக்கு இரண்டுதான் வந்தது. மிச்சம் மூன்று எங்கே என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் காலையில் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பார்த்தாள். மாடிச் சுவரிலிருந்து எட்டியதில் கீழ்வீட்டுத் தொட்டியில் மூன்று மட்டைகள். ஆக, இவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஓடுகிறது, அவள் தலைக்கு மேலே இல்லை, காலுக்குக் கீழே. இருவரும் சேர்ந்து என்ன பேசினார்கள்? என்ன வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி நீங்களும் இப்படிப் பார்ப்பீக என்று அக்கா கேட்டிருக்கலாம். அவன் தலையைக் குனிந்திருக்கலாம். அவன் குனிந்ததை அவள் பார்க்கவே இல்லை, ஆனாலும் அந்தப் பிடரியும் அதில் ஒட்டியிருந்த பஞ்சும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது, கண் எரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன் அவளைக் கேலி செய்வதுண்டு. இருட்டில் நிஜமாகவே பேய் நின்றால் அரண்டவனுக்குத்தானே முதலில் தெரியும் என்று இவள் திருப்பிச் சொல்வாள்.

பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து செலின் சிஸ்டர் கூப்பிடுவாள். நாளைக்கு ஒன்பதாவது தடவை மருந்து ஏறவேண்டும். முந்தின நாள் கூப்பிட்டு வரிசையாகக் கேட்பது அவள் வழக்கம்: காய்ச்சல் இருக்கா, இருமல், ஒண்ணுக்குப் போகையில எரிச்சல், வீட்லயோ அக்கம்பக்கத்துலயோ யாருக்காவது காய்ச்சல், அம்மை? இல்லை சிஸ்டர், இல்லை சிஸ்டர், இல்லை சிஸ்டர். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வது மாதிரி சொல்லிவிடலாம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க என்பாள். நான்கு வருடத்துக்கு முன்னால், வலது கண் ஒரு காலையில் ஆவி படிந்த கண்ணாடியாக மங்கி, ஸ்கேன் எடுத்து, பெயர் கண்டுபிடித்த பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லியிருந்தாள்: உங்க உடம்புல காவலுக்கு வச்ச ஆளுங்களே வீட்டுக்காரனப் போட்டு அடிக்கிறாங்கம்மா, அதனால காவல்காரங்கள கொஞ்ச காலம் லீவுல அனுப்பிடுறோம், அடி நின்னுடும், ஆனா அந்த நேரத்துல வாசல் திறந்துதான் கிடக்கும், நீங்கதான் பாத்துக்கணும். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை எல்லாம் சந்தேகமாகப் பார்ப்பதுதான். கொரோனா நேரத்தில் சௌந்தரபாண்டி கொல்லையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான், பால் பாக்கெட்டுக்குக்கூட சோப்புப் போட்டார்கள். அது போனது; அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. பஸ்ஸில் ஒருவன் தொண்டையைச் செருமினால் அவன் சட்டைப்பை வரை பார்த்துவிடுவாள். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு வருடக்கணக்காகிறது. இந்த வெயில் தொடங்கியதிலிருந்து ஊரில் காய்ச்சல், கண்வலி, மணல்வாரி, பெரியது சின்னது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சௌராஷ்டிரத் தெருவில் ஏழு வீட்டில் வேப்பிலை கட்டியிருப்பதாக ஏகாம்பரம் போன வாரம் சொன்னான். ஏழா எட்டா என்று கேட்டாள். மேடம் இதுக்குமா வில்லங்கம் என்றான்.

சரி, ஏதோ சந்தேகமாக இருக்கிறது என்று சிஸ்டரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள். மூன்றரை வருடத்துக்கு முன், இங்கே குடிவருவதற்கு முந்தி, ஒரு நெஞ்சுச் சளிக்காக இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு மத்தியானம் துணி உலர்த்தப் போனவள் மொட்டைமாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், இடது கால் அவளுடையதாக இல்லை. பாதி திரும்பி வந்தது. மீதியை இன்றுவரை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். அடுத்த முறை எது போகும்? வலது காலா, கையா, டைப் அடிக்கிற இந்த விரலா, மறுபடியும் கண்ணா? கடுகு வெடிக்கவில்லை என்ற ஒரு காரணத்துக்காக ஒரு கண்ணைக் கொடுப்பார்களா யாராவது? அதே சமயம், கடுகு வெடிக்காததற்குக் காரணம் அவள் நினைப்பதுதான் என்றால், அதோடு போய் நாளைக்குக் கையை நீட்டி மருந்தை ஏற்றிக்கொண்டால், மிச்சமிருக்கிற காவல்காரனையும் தானே வழியனுப்பிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த மாதிரி. ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் உயிர். நினைப்பது என்ன என்பதை அவள் இன்னும் மனசுக்குள்கூடப் பெயர் வைத்துச் சொல்லவில்லை. பெயரைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கோயிலைச் சுற்றுகிற மாதிரி, உள்ளே போகாமல்.

வியாழக்கிழமை. வியாழக்கிழமையைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. தர்ஷினி பி.காம். இரண்டாம் வருடம், மத்தியான வகுப்பு, கல்லூரிக்குக் கொடுக்க ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்று சாயங்காலம் மேலே வந்தாள். கட்டிலில் இந்திராணிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அக்கா இந்த வார்த்தை சரியா என்று தோள் மேல் முகவாயை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அரை மணி நேரம். அந்தப் பிள்ளையின் மூச்சு இவள் கன்னத்தில் பட்டது, சூடாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது சூடாக இருந்ததா, இப்போது சூடாக்கிக்கொள்கிறாளா? தலைவலிக்குது அக்கா என்று சொன்னாளே, அது அன்றைக்கா, அதற்கு முந்தின வாரமா? இவளுடைய சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். அது நிச்சயம். அதே சீப்பில் இவள் மறுநாளும் அதற்கு மறுநாளும் வாரினாள். போகும்போது தர்ஷினி வழியெல்லாம் பாடிக்கொண்டே படியிறங்கினாள், அதுதான் அந்தப் பிள்ளையின் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். விரலை மடக்கினாள். ஐந்து. அந்த மாதிரி ஏதாவதுன்னா ரெண்டு மூணு நாளுக்குள்ள எங்களுக்குச் சொல்லிடணும், ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, லேட் பண்ணாத்தான் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கீழே அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது, மேலே வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கிறது. டி.வி. சத்தம் இல்லை. நேற்று கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறை. எல்லா எல்லையும் சரியாகப் பொருந்துகிற பத்திரம் இது. கிழக்கே கறிவேப்பிலை, மேற்கே புடலங்காய், வடக்கே இளநீர், தெற்கே மஞ்சள் துண்டு. இதற்குட்பட்டது அம்மை.

சொல்லிவிட்டாள், மனசுக்குள். சொன்னதும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள், யாரோ கேட்டுவிட்டது போல. அம்மா சொல்வாள், ஆத்தா கேட்டுக்கிட்டே இருப்பா. வத்தலகுண்டில் ஓட்டு வீடு, அண்ணனுக்கு ஆத்தா வந்திருந்தாள், இவளுக்கு ஒன்பது வயது. வாசலில் வேப்பிலை, உள்ளே ஈரத்துணி, தாளிக்கக் கூடாது, சீவக் கூடாது, வீட்டிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, வந்தவர்களைப் போய்ட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. தெருவில் போன ஒரு பெண் நின்று, சின்னவளுக்கு எப்படி என்று கேட்டாள். எனக்கெல்லாம் ஒண்ணும் வரலையே என்று இவள் கையை விரித்துக் காட்டினாள், பரீட்சையில் பாஸான மாதிரி. பளார் என்று விழுந்தது. அம்மாவின் கை மஞ்சள் அரைத்த கை; இரண்டு நாள் கன்னத்தில் அந்த மஞ்சள் இருந்தது. வரலைன்னா சொல்லுவ? அவளுக்கே சவால் விடுவியா? பிறகு அழுதது அம்மாதான். உள்ளே கூட்டிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள், வாயை வேப்பந்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள், சொல்லிக்கொடுத்தாள்: யாரு கேட்டாலும் ஆத்தா வந்துட்டுப் போயிட்டான்னு சொல்லு. வந்தவள திரும்ப வரச் சொல்ல மாட்டாங்க, வராதவளத்தான் வரச் சொல்லுவாங்க. அன்றிலிருந்து அதையேதான் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாமியார் கேட்டபோது சொன்னாள். சௌந்தரபாண்டியிடம் சொன்னாள். அண்ணனுக்கு வந்து போன அம்மை முப்பது வருடத்தில் மெல்ல மெல்ல இவளுடையதாகிவிட்டது. படுத்துக் கிடந்த பாய், குளிர்ந்த இளநீர், அம்மா விசிறிய வேப்பங்கொத்து எல்லாம் தனக்கே நடந்தது மாதிரி ஒரு ஞாபகம். பொய் என்று இதைச் சொல்ல முடியுமா? கும்பிடுவதைப் பொய் என்பார்களா?

கும்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆஸ்பத்திரிப் படிவத்துக்கும் அதையே சொன்னாயே. இங்கேதான் வண்டி நின்றது. இவ்வளவு நேரம் ராசாத்தி அக்காவையும் புருஷனையும் அந்தப் பிள்ளையின் மூச்சையும் துருவியவள், நான்கு வருடம் பின்னால் போய் மதுரை ஆஸ்பத்திரியின் பச்சை நாற்காலியில் தன்னையே பார்த்தாள். மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் செலின் சிஸ்டர் பேனாவோடு கேட்கிறாள்: சின்ன வயசுல சிக்கன் பாக்ஸ் வந்திருக்கா? வரலைன்னா முதல்ல தடுப்பூசி போட்டுட்டு அப்புறந்தான் மருந்து, மருந்து ஆரம்பிச்சுட்டா அந்தத் தடுப்பூசி போட முடியாது. தெளிவாகச் சொன்னாள், இந்திராணி தெளிவாகத்தான் கேட்டாள். வாய் தானாகத் திறந்தது. வந்துட்டுப் போயிடுச்சு சிஸ்டர். போதாதென்று நெற்றிமுடியை ஒதுக்கி, புருவத்துக்கு மேலே இருந்த குழியையும் காட்டினாள். அது பன்னிரண்டு வயதில் ரசம் தாளிக்கும்போது கடுகோடு சேர்ந்து எண்ணெய் தெறித்த குழி. சிஸ்டர் அதைப் பார்த்து, சரி அப்ப இந்த டெஸ்ட் வேணாம் என்று சீட்டில் ஒரு வரியை அடித்தாள். அடித்த அந்தச் சத்தம் இப்போது கேட்டது, ரீங்காரம் இருக்கிற காதிலேயே. ஊரான் பத்திரத்தில் முப்பது வருட வில்லங்கம் தேடுகிறவள் தன் பத்திரத்தில் தானே கையெழுத்துப் போட்டு ஏமாற்றியிருக்கிறாள். யாரை? ஆத்தாளை ஏமாற்றவா, ஆஸ்பத்திரியை ஏமாற்றவா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை. அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு நேரம் இருந்தது பயமே இல்லை, வெறும் துப்புத் துலக்கல். இதுதான் பயம். செத்துப்போவோம் என்று நினைத்தாள். கொப்புளம் வெளியே வந்தால் பரவாயில்லை, வாசல் திறந்து கிடக்கிற உடம்பில் அது நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும் என்று எங்கோ படித்திருந்தாள், படித்த பக்கத்தின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. மணி பத்து ஐம்பது.

எதற்கும் நேரில் பார்த்துவிடுவது. ஒருவேளை விரதமாகவே இருக்கலாம். கோயிலில் திருவிழா சாட்டியிருப்பார்கள், எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். எல்லை எல்லாம் பொருந்தியும் விஷயம் வேறாக இருக்கிற பத்திரம் ஆயிரத்தில் ஒன்று உண்டு. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். பதினாறு படி. இறங்கும்போது இடது காலை முதலில் வைத்து, கைப்பிடியில் எடையைப் போட்டு, வலதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள், விரதம், எண்ணெய், விரதம், எண்ணெய். ஒன்பதாவது படியில் வாசனை வந்தது. மஞ்சளும் வேம்பும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசனையை அவள் முப்பத்து மூன்று வருடமாக முகரவில்லை, முகர்ந்தவுடன் கன்னம் காந்தியது. தெருக் கேட்டில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை, அதனால்தான் மாடியிலிருந்து தெரியவில்லை. உள்வாசல் கிரில்லில், திரைக்குப் பின்னால், யார் கண்ணையும் உறுத்தாதபடி ஒரு கொத்து செருகியிருந்தது. பழைய கொத்து இல்லை, காலையில் மாற்றியது. திரையை விலக்கிக்கொண்டு ராசாத்தி அக்கா வந்தாள், மஞ்சள் சேலையும் சீவாத தலையுமாக, நான்கு நாளில் நான்கு வயது கூடியவளாக.

"அங்கனயே நில்லு இந்திரா. உள்ள வராத."

"என்னக்கா, நாலு நாளா அடுப்படியில சத்தத்தையே காணோம்?"

அக்கா உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "ஆத்தா வந்துருக்கா."

பிள்ளையின் பெயரை அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எப்போது முத்து போட்டது என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை விடியக்காலம், வெள்ளிக்கிழமையே மேல் சுட்டது என்றாள் அக்கா. வெள்ளிக்கு முந்தினது வியாழன். அது தெரிந்ததுதான், இருந்தாலும் கிரில் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா."

"இதப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாக? வந்தவ மனசு கோணாமப் போகணும்ல. ஞாயித்துக்கெழம பாண்டித் தம்பிகிட்ட மட்டும் சொன்னேன், மாடியில கவுச்சி ஆக்க வேணாம்னு. உனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சு, பயமில்லன்னு அவருதான் சொன்னாரு. நீயும்தான் எம்புட்டு வாட்டி சொல்லிருக்க, அந்தத் தழும்பக்கூட காமிச்சியே."

ஆமாம், காட்டியிருக்கிறாள். இதே வாசலில் நின்று காட்டியிருக்கிறாள். அவன் புடலங்காய் வாங்கியதும், மூன்று இளநீரைக் கீழே கொடுத்ததும், வாயைத் திறக்காமல் இருந்ததும் எல்லாம் அவளை நம்பித்தான். அவனை எவ்வளவு நேரம் குனியவைத்தாள், பஞ்சு ஒட்டிய பிடரியோடு! ராசாத்தி அக்காவுக்கு இவள் வியாதி தெரிந்திருந்தால் சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருப்பாளா? ஒருத்தி தெய்வத்துக்குப் பயந்து மறைத்தாள், ஒருத்தி குடியிருக்கும் வீட்டுக்குப் பயந்து மறைத்தாள், நடுவில் ஒரு கிரில். அழுகை வந்தது, கோபம் வந்தது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் ரவிக்கைக்குள் வைத்திருந்த போன் அடித்தது. பதினொன்று. செலின் சிஸ்டர் மணி தவறுகிறவள் இல்லை.

காய்ச்சல் இருக்கா? இல்லை சிஸ்டர். இருமல்? இல்லை சிஸ்டர். எரிச்சல்? இல்லை சிஸ்டர். பக்கத்துல யாருக்காவது காய்ச்சல், அம்மை? இல்லை என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது, பழகிய நாக்கு. இருக்கு சிஸ்டர் என்றாள். கீழ்வீட்டில் என்றாள், வியாழக்கிழமை அந்தப் பிள்ளை அரை மணி நேரம் தோளில் சாய்ந்திருந்தது என்றாள். மறுமுனையில் தாள் புரளும் சத்தம். சிஸ்டரின் குரல் லேசானது: உங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்குன்னு ஃபைல்ல இருக்கேம்மா, அப்ப பெரிசா பயமில்ல, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன், நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. எவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறக்கிறது. சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடலாம். மருந்து ஏறும், கால் இருக்கும், அம்மா அடிக்க மாட்டாள், கேட்டுக்கொண்டிருக்கிறவளும் ஒன்றும் கேட்காத மாதிரி போய்விடுவாள். ராசாத்தி அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, ஈரத்துணிக்கு அடியிலிருந்து, தர்ஷினி மெதுவாக அனத்துவது கேட்டது. இந்திராணி முகக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கப் போனாள், பிறகு அப்படியே விட்டாள். கன்னம் இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

"இல்ல சிஸ்டர். அது தப்பு. நான்தான் தப்பாச் சொன்னேன். அந்தத் தழும்பு எண்ணெ தெறிச்சது. எனக்கு அம்மை வந்ததே இல்ல. ஒரு தடவகூட வந்ததில்ல. ஃபைல்ல மாத்தி எழுதிக்கங்க."

சிஸ்டரின் குரலில் அவசரம் ஏறியது: நாளைக்கு மருந்து கிடையாது, லைன்லயே இருங்க, டாக்டர்கிட்ட குடுக்கிறேன், இன்னைக்கே கிளம்பி வர முடியுமா? வர முடியும் என்றாள். போனில் ஏதோ வீணை இசை ஓட ஆரம்பித்தது. ராசாத்தி அக்காவின் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், இந்திராணிக்காகவும் சேர்த்துப் போடுகிற மாதிரி நான்கைந்து தடவை. பிறகு திரையை விலக்கி, உள்ளே படுத்திருப்பவளுக்கும் அப்பால் யாரிடமோ தழுதழுத்துச் சொன்னாள்.

"தெரியாமச் சொல்லிட்டா தாயி. சின்னப் புள்ள. மனசுல வச்சுக்காத."

"தெரிஞ்சுதான்க்கா சொன்னேன்" என்றாள் இந்திராணி. போனைக் காதில் வைத்தபடி, கைப்பிடியைப் பிடித்து, வலது காலை முதல் படியில் தூக்கி வைத்தாள்.